ஹியூபேட்டின் பெயரில் ஒரு பாடம்

போன வாரம் நாம் பிறிஜெற்றை விட்டுவிட்டு வந்தபோது ஆசிரியர் அறையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் புவியியலுக்கு அவள் கொண்டுவந்த புது முறையைப் பார்க்கக் கல்வித் திணைக்களத்திலிருந்து வந்த ஐயா வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போயிருந்தார். அதிபர் அருள்நாயகி மிஸ் தன் கையாலேயே ஒரு துண்டை எடுத்து நீட்டி, "இப்பிடி இன்னும் ரெண்டு டீச்சர்மார் எனக்குக் கிடைச்சா போதும்" என்றார்.

அது வெள்ளிக்கிழமை. இன்று செவ்வாய். அதே அருள்நாயகி மிஸ் பிறிஜெற்றை இருக்கச் சொல்லவில்லை.

"கதவைச் சாத்துங்கோ."

பிறிஜெற் சாத்தினாள்.

"நேற்றுப் பின்னேரம் ஜவாஹிறாவின்ர கொமினிகேஷனுக்கு, அதுதான் பிள்ளைகள் இன்டர்நெற் பாக்கிற கடைக்கு, பொலிஸ் போயிருக்கு. கடையைச் செக் பண்ண வந்தவையாம். உங்கட பிள்ளைகளில ஆரோ உங்கட வகுப்பின்ர இன்டர்நெற் பக்கத்தைத் திறந்தபடி விட்டுட்டு எழும்பிப் போயிருக்கினம்."

மேசையில் ஒரு தாள் கிடந்தது. கடையிலேயே அச்செடுத்தது. ஜிந்துப்பிட்டிப் பக்கம் இருக்கும் காவலரணின் படம். மண்மூட்டை, தகரப் பீப்பாய், துவக்கு ஏந்திய ஆமிக்காரர் இரண்டு பேர். ஒருவன் ஒரு பள்ளிக்கூடப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே கைவிட்டிருந்தான்.

படத்தின் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. கடைக் கணினிகளில் தமிழ் எழுத்து இல்லாதபடியால் பிள்ளைகள் அரைகுறை ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். 'நாங்கள் ஒவ்வொரு நாளும் பிந்துவது இங்கே. புத்தகம் மட்டும் இல்லை, சோற்றுப் பெட்டியையும் திறந்து காட்ட வேண்டும்.'

பிறிஜெற் அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"அதை விடுங்கோ. கீழ பாருங்கோ," என்றார் அதிபர்.

தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. பக்கத்தின் உரிமையாளர்: யேசுரட்ணம் ஹியூபேட்.

"இது உங்கட மிஸ்டர்தானே? துறைமுகத்தில வேலை?"

"ஓம் மிஸ்."

அவருடைய பெயர் அங்கே எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். அதில் ஒரு மர்மமும் இல்லை. அந்த வீட்டில் லைட் பில் ஹியூபேட்டின் பெயரில். டெலிபோன் ஹியூபேட்டின் பெயரில். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்தபோதும் முதல் வரியில் ஹியூபேட். எந்தப் படிவத்தில் பெயர் என்று ஒரு கோடு வந்தாலும் பிறிஜெற்றின் கை தானாக அந்தப் பெயரைத்தான் எழுதும், கல்யாணம் முடித்த நாளிலிருந்து அதுதான் பழக்கம். இணையத்தில் வகுப்புக்குப் பக்கம் திறந்த அன்றும் பெயர் கேட்டது, ஈமெயில் கேட்டது. அவள் இரண்டுக்கும் புருஷனுடையதைக் கொடுத்தாள். யோசித்துச் செய்யவில்லை. யோசிக்க அதில் என்ன இருக்கிறதென்று அன்றைக்கு யாருக்குத்தான் தெரியும்?

"நாலு மணிக்கு ஸ்டேசனுக்கு வரச் சொல்லியிருக்கினம். உங்களையும், மிஸ்டரையும்." அருள்நாயகி மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் படம் ஆர் போட்டது?"

"எனக்குத் தெரியாது மிஸ்."

"பிறிஜெற்! வெள்ளிக்கிழமை அந்த ஐயாவுக்கு நீங்களே சொன்னீங்கள், பக்கத்தில இருக்கிற ஒவ்வொரு வரியும் எந்தப் பிள்ளையின்ரதெண்டு உங்களுக்குத் தெரியுமெண்டு. எல்லாரும் கை தட்டினம்."

அதுவும் உண்மைதான். குழுவேலை என்று கொடுத்தால் எங்கள் பள்ளிக்கூடங்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கெட்டிக்காரி ஒருத்தி இராப்பகலாக இருந்து எழுதுவாள், மற்ற நாலு பேரும் அட்டையில் பெயரைப் போட்டு மாக்ஸ் வாங்குவார்கள். அந்தக் கூத்தை நிறுத்தத்தான் பிறிஜெற் ஒரு மாதம் மண்டையை உடைத்தாள். ஐந்து பேருக்கு ஒரு பக்கம். ஒருத்தி வரைபடம் கீறுவாள், ஒருத்தி படம் எடுப்பாள், ஒருத்தி தெருவில் ஆட்களைக் கண்டு கதைப்பாள், ஒருத்தி எழுதுவாள், ஒருத்தி திருத்துவாள். அடுத்த கிழமை வேலை மாறும். ஒருத்தி எழுதியதை மற்றவள் அழிக்கக் கூடாது. சரியில்லை என்று பட்டால் கீழே தன் நிறத்தில் எழுதலாம். ஆம், நிறம். வகுப்பு முழுவதற்கும் ஒரே கடவுச்சொல் என்பதால் ஆளுக்கொரு நிறம் கொடுத்திருந்தாள். எந்த நிறம் எந்தப் பிள்ளை என்பது அவளுக்கும் அந்தக் குழுவுக்கும் மட்டும் தெரியும்.

அந்த இரண்டு வரியும் கத்தரிப்பூ நிறம். கறுப்பு மையில் அச்செடுத்த தாளில் அது தெரியவில்லை. ஆனால் பிறிஜெற்றுக்கு நிறம் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"பேரைக் குடுத்தா அந்தப் பிள்ளையோட முடியும்," என்றார் அதிபர். குரல் தணிந்திருந்தது. "நாங்கள் ஒரு கடிதம் குடுப்பம், சின்னப்பிள்ளை தெரியாமல் செய்துபோட்டுதெண்டு. குடுக்காட்டி அஞ்சு பிள்ளைகளையும் கூப்பிடுவினம். உங்கட மிஸ்டரின்ர பேர் வேற கிடக்கு. எனக்கும் நெஞ்சு இருக்கு பிறிஜெற். ஆனா எனக்கு எழுநூறு பிள்ளைகள் இருக்கினம்."

அருள்நாயகி மிஸ்ஸைத் திட்டாதீர்கள். வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழ்ச் சனத்தைப் பொலிஸ் விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த நாட்களில் பயப்படாத அதிபர் யாரும் கொழும்பில் இருக்கவில்லை.

*

கணினி அறையில் இராமலெட்சுமி தனியாக நின்றாள். பதினைந்து வயது. இரட்டைப் பின்னல், மடித்துத் தைத்த சட்டை ஓரம். அப்பா பழனிமுத்து அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர்.

"மிஸ், கூப்பிட்டீங்களா?"

"அந்தப் படம் நீதானே போட்டனீ?"

பிள்ளையின் முகம் மலர்ந்தது. பிறிஜெற்றுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஆமா மிஸ். நல்லாருக்கா? பஸ்ஸு ஜன்னல்ல இருந்து எடுத்தேன். மத்தவங்க எல்லாம் டிராபிக்கு, லொறி, தண்ணி நிக்கிற ரோடுன்னு போட்டாங்க. நான்தான் சொன்னேன், நம்ம லேட்டாகிறது அதுனால இல்லையேன்னு. நீங்கதானே கேட்டீங்க?"

கேட்டவள் அவள்தான். வினாவை எழுதியவளும் அவள்தான். 'பாடசாலைக்கு வரும் வழியில் உங்களைத் தாமதப்படுத்துவது எது? படத்துடன் காட்டுக.' துறைமுகத்து லொறிகளையும் மழைவெள்ளத்தையும் நினைத்துக்கொண்டு அந்த வினாவை எழுதியிருந்தாள். ஒவ்வொரு நாளும் அதே காவலரணில் தானும் பையைத் திறந்துகாட்டிவிட்டு வருகிறவள், அது வினாவுக்கு விடை என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. தன் பயம் இவ்வளவு பழகிப்போய்விட்டதா என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஆற்ற போனில எடுத்தனீ?"

"அண்ணன் போன்ல."

பிறிஜெற் கதிரையில் இருந்துவிட்டாள். அண்ணன் சுந்தரலிங்கம். ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய், போன மாதம்தான் விட்டார்கள். அவன் வெளியே வந்த அன்று இராமலெட்சுமி வகுப்பு முழுவதற்கும் ரொபி இனிப்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணன்தான் எடுத்துச்சுன்னு யாரும் நெனைப்பாங்களா மிஸ்?" பிள்ளைக்கு இப்போதுதான் ஏதோ உறைத்தது. மலர்ந்த முகம் மெல்ல மெல்ல வெளிறியது. "அழிச்சிரவா?"

"நீ ஒண்டும் செய்யாதை. கணினிப் பக்கமே போகாதை. ஒருத்தரோடையும் கதையாதை."

"மார்க் கொறைச்சிருவீங்களா மிஸ்?"

"இல்லையடி," என்றாள் பிறிஜெற். "ஒழுங்காச் செய்தது நீ ஒருத்திதான்."

*

கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய வீட்டு முன்னறையில் மச்சாள் மேபல் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தாள். ஹியூபேட்டின் அக்கா. தாய் தகப்பன் வேளைக்கே போய்விட, தம்பியைத் தூக்கி வளர்த்தவள். கல்யாணம் முடிக்கவில்லை. மாதா கோயில் பிள்ளைகளுக்கு முதல்நன்மை வாங்கும் நாளில் உடுக்க வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுப்பாள், தைத்தபடியே ஊருக்குப் புத்தியும் சொல்லுவாள்.

"என்ன, மூஞ்சை சரியில்லை? கேக் சமிக்கேல்லையோ?"

பிறிஜெற் சிரிக்கவில்லை. ஹியூபேட் காலை முறை வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் எதிரில் இருந்து, எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

ஹியூபேட் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான். பிறகு பிசைவதை நிறுத்தினான். மேபலின் மெஷினும் நின்றுவிட்டது.

"என்ர பேரையா போட்டனீர்?"

"யோசிக்கேல்லை ஹியூபேட்."

"யோசிக்கேல்லை." அவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளினான். "துறைமுகத்துக்குள்ள தமிழன் ஒருத்தன் வேலை செய்யிறதெண்டா என்னெண்டு தெரியுமோ? மூண்டு மாசத்துக்கு ஒருக்காப் பாஸ் புதுப்பிக்க வேணும். கேற்றில ஒவ்வொரு நாளும் சப்பாத்தைக் கழட்டிக் காட்டுறன். என்னோட வேலை செய்த கிளறன்ஸுக்கு என்ன நடந்தது? மச்சானோ ஆரோ வன்னியில இருந்து டெலிபோன் எடுத்தானெண்டு பாஸை வாங்கினவங்கள். இண்டைக்கு வரைக்கும் திருப்பிக் குடுக்கேல்லை. அவன் எந்த ஆமியையும் படம் எடுக்கேல்லை!"

"தெரியும்."

"பேரைக் குடும்."

"பதினைஞ்சு வயசுப் பிள்ளை."

"பதினைஞ்சு வயசெண்டா விடுவாங்கள். ரெண்டு கேள்வி கேட்டுட்டு அனுப்புவாங்கள்."

"பிள்ளையை விடுவாங்கள். தமையனை விடமாட்டாங்கள். போன மாசந்தான் வெளியில வந்தவன். அவன்ர போன்."

ஹியூபேட் எழுந்துபோய்க் கையைக் கழுவினான். தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஊரார் பிள்ளைக்காக உன்ர மனுசனைக் கொண்டுபோய்க் குடுக்கப்போறியோ?" மேபல் வாசலில் நின்று கேட்டாள். கையில் வெள்ளைத்துணி. பகிடியெல்லாம் போய்விட்டது. "நான் சும்மா கேக்கிறன் பிறிஜெற். கேக்கிறதுக்கு எனக்கு உரிமை இருக்கு."

"ஒருத்தரையும் குடுக்கமாட்டன் மச்சாள். நான் போட்டதெண்டு சொல்லப்போறன். என்ர பாடம், என்ர பக்கம், நான்தான் பிழைவிட்டனான். ஒரு டீச்சரை என்ன செய்வினம்? ஏசிப்போட்டு விடுவினம்."

அவள் இதைப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். திரும்பத் திரும்பச் சொன்னதில் அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

*

ஸ்டேசனுக்கு இருவரும் நடந்தே போனார்கள். ஹியூபேட் அலுவலகச் சட்டையை மாற்றவில்லை. கழுத்தில் பாஸ் தொங்கியது. அது இருந்தால் வழியில் மறித்துக் கேட்கமாட்டார்கள் என்பது அவன் கணக்கு.

பாதி வழியில் அவன் கேட்டான்: "எந்தப் பிள்ளை?"

"உங்களுக்கும் சொல்லமாட்டன்."

அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"சொல்லாதையும்," என்றான் ஹியூபேட். "தெரிஞ்சா நான் சொல்லிப்போடுவன். எனக்கு என்னைத் தெரியும்."

கொழுத்தும் வெயிலில் அவன் அப்படிச் சொன்னபோது அவளுக்கு அவன் கையைப் பிடிக்கவேண்டும்போல இருந்தது. தெருவில் பிடித்துப் பழக்கமில்லை. பிடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். இருவரையும் இருக்கச் சொன்னார், குடிக்கப் பிளேன்ரீ வேண்டுமா என்று கேட்டார். பேச்செல்லாம் சிங்களத்தில். தன் மகனும் பத்தாம் வகுப்புத்தான் என்றும், அவனுடைய டீச்சர் பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொல்வதைத் தவிர வேறு ஒன்றும் செய்வதில்லை என்றும் சொன்னார். பக்கத்தை முழுவதும் அச்செடுத்து மேசையில் அடுக்கி வைத்திருந்தார். அதை அவர் வாசித்திருக்கிறார் என்பது பிறிஜெற்றுக்குத் தெரிந்தது.

"நல்ல வேலை, மிஸ்," என்றார். "பிள்ளைகள் சேர்ந்து வேலை செய்யப் பழகுகிறார்கள். நல்லது. ஆனால் இந்தப் படம் கூடாது. காவலரணைப் படம் எடுப்பது குற்றம். எடுத்து உலகம் முழுக்கப் பார்க்க வைப்பது அதைவிடக் குற்றம். யார் போட்டது?"

"நான்தான் சேர்," என்றாள் பிறிஜெற்.

எவ்வளவு லேசாக வந்துவிட்டது! ஒரு பெரிய மூட்டையை இறக்கிவைத்ததுபோல அவளுக்கு மூச்சு வந்தது.

"நீங்களா?"

"பிள்ளைகளுக்கு மாதிரிக்கு ஒன்று காட்டவேண்டுமே என்று. யோசிக்கவில்லை சேர். மன்னிக்க வேண்டும்."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். எழுதினார். எழுதி முடித்துவிட்டு, பேனையை மூடாமலே கையை நீட்டினார்.

"போனைத் தாருங்கள்."

பிறிஜெற்றுக்கு விளங்கவில்லை.

"படம் எடுத்த போன்."

அவள் கைப்பையைத் திறந்தாள். அதற்குள் இருந்தது ஒரு மலிவான சின்னப் போன். கதைக்கலாம், மெசேஜ் அனுப்பலாம், லைட் போனால் டோர்ச் அடிக்கலாம். படம் எடுக்க முடியாது. அவள் அதை மேசையில் வைத்தாள். இன்ஸ்பெக்டர் அதைக் கையில் எடுக்கக்கூட இல்லை.

"இதிலா?"

நிறம், கடவுச்சொல், அழிக்கக்கூடாத வரி என்று ஒரு மாதம் இருந்து ஒவ்வொன்றாக யோசித்தவள், ஒரு பொய்யை அரைமணி நேரம்கூட ஒழுங்காக யோசிக்கவில்லை.

"மிஸ், யாரைக் காப்பாற்றுகிறீர்கள்?" இன்ஸ்பெக்டரின் குரல் மாறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பொலிஸுக்குப் பொய் சொன்னால் உங்களை நான் இங்கே வைத்திருக்க வேண்டி வரும். அப்போது அந்தப் பெயரும் எப்படியும் வரும்."

பக்கத்தில் ஏதோ அசைந்தது. ஹியூபேட் காற்சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து மேசையில் வைத்தான். போன நத்தாருக்கு வாங்கியது. முதுகில் கமெரா இருந்தது.

"என்னுடைய போன் சேர். நான்தான் எடுத்தேன். மனைவி பாடத்துக்குப் படம் வேண்டும் என்றாள். வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் இருந்து எடுத்தேன்."

"ஹியூபேட், என்ன இது—"

"வாயை மூடும், பிறிஜெற்," என்றான் அவன் தமிழில், மெதுவாக.

"என்ன சொன்னாய்?" இன்ஸ்பெக்டர் உடனே கேட்டார். போனை வைத்ததோடு ஹியூபேட் அவருக்கு 'நீ' ஆகிவிட்டான்.

"அழவேண்டாம் என்று சொன்னேன் சேர்."

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். மேபல் தைத்த சட்டையோடு ஒரு பிள்ளை. கோயில் திருநாள். காலிமுகத்திடலில் பிறிஜெற், காற்றில் சேலையைப் பிடித்தபடி.

"அந்தப் படம் இல்லையே."

"அழித்துவிட்டேன்."

"ஏன்?"

"பயத்தில் சேர்."

உண்மையைச் சொன்னதுபோலவே இருந்தது அந்தப் பதில். இன்ஸ்பெக்டர் அவனுடைய கழுத்தைப் பார்த்தார். அவனுடைய பாஸைப் பார்த்தார். பிறகு தாளின் அடியில் இருந்த பொடி எழுத்தை விரலால் தொட்டார்.

"பக்கம் உன் பெயரில். படம் உன் போனில். வேலை துறைமுகத்தில்." ஒவ்வொன்றையும் சொல்லும்போது அவருடைய மரியாதை ஒவ்வொரு படியாக இறங்கியது. "உள்ளே எத்தனை படம் எடுத்தாய்?"

"உள்ளே ஒன்றும் எடுக்கவில்லை சேர்."

"அதை நாங்கள் பார்ப்போம். பாஸைக் கழற்று."

ஹியூபேட் கழற்றினான். நாடா தலைமயிரில் சிக்கியது. பிறிஜெற் பழக்கத்தில் எட்டி அதை விடுவித்துவிட்டாள்.

"சேர், பொய்! அவர் எடுக்கேல்லை, நான்..." அவள் பாதி தமிழும் பாதி சிங்களமுமாகக் கத்தினாள். ஆனால் அதற்குமேல் சொல்ல அவளிடம் இருந்தது ஒரே ஒரு பெயர். அந்தப் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. ஹியூபேட் அவளைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள்.

"வாக்குமூலம் எடுக்க வேண்டும். நீங்கள் வீட்டுக்குப் போங்கள் மிஸ்," என்றார் இன்ஸ்பெக்டர்.

*

வீட்டு வாசலில் மேபல் நின்றாள். பிறிஜெற் தனியே வருவதைத் தூரத்திலேயே கண்டுவிட்டாள்.

"தம்பி எங்க?"

"வாக்குமூலம் எடுக்கினமாம். முடிய விடுவினம்."

"நீதானே சொல்லப்போறனெண்டு போனனீ?"

"சொன்னனான் மச்சாள். அவர் என்னை மறிச்சுப்போட்டு, தானே எடுத்ததெண்டு சொல்லிப்போட்டார்."

மேபல் ஏசுவாள் என்று பிறிஜெற் காத்திருந்தாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேபல் உள்ளே போய் ஹியூபேட்டின் துவாயையும் ஒரு மாற்றுச் சட்டையையும் இஸ்திரி போடத் தொடங்கினாள். அவனுக்கு மடிப்பில்லாத உடுப்புப் பிடிக்காது. இந்த வீட்டில் எல்லோரும் அவனை எவ்வளவு செல்லமாகப் பழக்கிவிட்டோம் என்று நினைத்துப் பிறிஜெற் சத்தமில்லாமல் அழுதாள்.

டெலிபோன் அடித்தது.

"டீச்சரம்மாவா? நான் பழனிமுத்து பேசுறேன். இராமலெட்சுமியோட அப்பா."

"சொல்லுங்கோ."

"கொமினிகேஷன் கடையில இருந்துதான் பேசுறேன் டீச்சர். சாரைப் புடிச்சு வச்சிட்டாங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. புள்ள வீட்ல வந்து எல்லாத்தையும் சொல்லிருச்சு. நானே ஸ்டேசனுக்குப் போய் உண்மையச் சொல்லிர்றேன்னு ஓடுச்சு, ரோட்ல வச்சுப் புடிச்சிட்டேன். இப்ப எம் பக்கத்துலதான் நிக்குது." மூச்சு வாங்கியது அவருக்கு. "டீச்சர், எங்க புள்ள செஞ்சதுக்குச் சார் உள்ள இருக்கிறது நாயமில்ல. எனக்கு மனசு கேக்கல. பெரிய பயல நெனைச்சாப் பயமாத்தான் இருக்கு. அவன அடிச்ச அடி இன்னும் ஆறல. இருந்தாலும் நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நானே புள்ளையக் கூட்டிட்டுப் போய் நிக்கிறேன்."

அவருக்குப் பின்னால் பிள்ளையின் விசும்பல் கேட்டது. "மிஸ்கிட்ட நான் பேசணும்பா, குடுங்கப்பா..."

பிறிஜெற் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஒரு வார்த்தை போதும். இன்றைக்கே ஹியூபேட் வீட்டுக்கு வருவான். பாஸ் திரும்பிக் கிடைக்கும். மேபல் திரும்பவும் பகிடி விடுவாள். யாரையும் அவள் காட்டிக்கொடுத்ததாக ஆகாது. அவர்களாகவே போகிறார்கள், தகப்பனே கேட்கிறார். கடவுளே, இதைவிட லேசாக ஒரு வழி யாருக்குக் கிடைக்கும்?

தன் புருஷன் உயிரோடும் உடம்போடும் திரும்பி வரவேண்டும் என்று அவளுக்கு இருந்த ஆசை, நெஞ்சு வெடிக்கும் அளவுக்கு இருந்தது. அதைவிடப் பெரிதாக அவளுக்குள் வேறு ஒன்றும் இருக்கவில்லை. அதை அவள் ஒளிக்கவும் விரும்பவில்லை.

"டீச்சர்? இருக்கீங்களா?"

"இருக்கிறன்."

"என்ன செய்யட்டும்? அனுப்பவா?"

இஸ்திரி போடும் சத்தம் நின்றுவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

"அனுப்பவேண்டாம்," என்றாள் பிறிஜெற். "என்ன வந்தாலும் அனுப்பவேண்டாம். வீட்டுக்குள்ள வச்சிருங்கோ."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள். ஹியூபேட்டின் சட்டையை நெஞ்சோடு பிடித்தபடி மேபல் பின்னால் நின்றாள்.

"ஆரை அனுப்பவேண்டாமெண்டு சொன்னனீ, பிறிஜெற்?"